உலகத்துக்கு ஒரு ஒப்பாரி

சீனிச்சாமிக்கு இலக்கியம் முடிந்துவிட்டது. சினிமாவும் முடிந்துவிட்டது. சங்கீதம்தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

மதுரையில் இண்டர்மீடியட் படிக்கிற பையன். லீவுக்கு மார்க்கையன்கோட்டைக்கு வந்தபோதே தலையில் ஒரு கட்டுரையைச் சுமந்துகொண்டு வந்திருந்தான். 'இலக்கியம், இசை, சினிமா: இவை உலகத்தை எப்படிப் பார்க்கின்றன?' காலேஜ் திறந்ததும் தமிழ் மன்றத்தில் அதை வாசித்தாக வேண்டும்.

இலக்கியம் சிரமம் தரவில்லை. பழைய பாட்டுகளில் பாதி, இளமை நில்லாது, செல்வம் நில்லாது, உடம்பு நில்லாது என்றே புலம்பின. 'ஆகவே உலகம் துன்பமயம்' என்று எழுதி அடிக்கோடு போட்டான். சினிமாவுக்காகச் சின்னமனூர் டெண்டுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து ஒரு படம் பார்த்தான். படம் நெடுக ஆளுக்கொரு திக்காகப் பிரிந்து கதறிய குடும்பம், கடைசி ரீலில் ஒன்றுகூடிப் பாட்டுப் பாடியது. பொம்பளைகள் மூக்கைச் சிந்தினார்கள். 'சினிமா காட்டும் உலகம் பொய். பிரிந்தவர் கூடுவது கொட்டகையில் மட்டுமே' என்று எழுதினான்.

இத்தனைக்கும் அவனுக்கு வீட்டில் ஒரு குறையும் கிடையாது. புத்தகம் படிக்கத் தொடங்கியதிலிருந்து எதைப் பார்த்தாலும் விரக்தி, அவ்வளவுதான். அம்மா சுப்புத்தாய் கருவாட்டுக் குழம்பு ஊற்றினால் அந்த மீனின் முடிவை நினைத்துப் பெருமூச்சு விடுவான். அப்புறம் இன்னொரு கரண்டி கேட்பான்.

கல்யாணப் பாட்டும் தாலாட்டும் ஆளை ஏய்க்கிற சங்கீதம், ஒப்பாரி ஒன்றுதான் மெய் பேசும் என்று முடிவு கட்டி, காலையிலேயே சோணையம்மாள் வீட்டுக்குப் போனான். சுற்றுப்பட்டியில் யார் செத்தாலும் அவள் வந்து தலையை விரித்துப் போட்டால்தான் அது சாவு வீடு.

"ஒரு ஒப்பாரி பாடிக் காட்டுங்க பெரியம்மா."

"ஏய்யா, சாவு இல்லாம மாரடிச்சா ஊருக்கு ஆகுமா? போய்யா அங்கிட்டு."

"சாவு இல்லாமயா? உலகத்துக்காகப் பாடுங்க. அதுக்காக அழுகத்தான் ஒரு ஆளும் இல்ல."

சோணையம்மாள் கையிலிருந்த முறம் நின்றது. "உலகத்துக்கா? உலகம் போயிருச்சா?"

"அது எப்பவோ போயிருச்சு," என்றான் சீனிச்சாமி, வானத்தைப் பார்த்து.

முறம் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம். கொண்டை அவிழ்ந்தது. "அய்யோ, உலகம்! ஆத்தா, போயிட்டியா!" என்று அவள் எடுத்த குரலில் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான் சங்கீதம்! மடியிலிருந்து பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினான். நாலு வரி எழுதி நிமிர்ந்தால் ஆளைக் காணோம். குரல் தெருவில் போய்க்கொண்டிருந்தது, அவன் வீட்டுப் பக்கமாக.

உலகம்மாள் என்பது அவன் அப்பா ராக்கையாவின் தங்கை பெயர். ஊருக்கு அவள் உலகம். கோம்பையில் வாக்கப்பட்டவள். ஒரு பொங்கலுக்குச் சீர் கொண்டுபோன அண்ணனை அவள் வீட்டு நாய் கெண்டைக்காலில் கவ்விவிட்டது. கோம்பை நாய் கவ்வினால் லேசில் விடுமா? வலியில் அவர் நாயை மிதிக்கப் போக, "நீ ஏண்ணே குரல் குடுக்காம உள்ள வந்த? வாயில்லாச் சீவன் என்ன செய்யும்?" என்று தங்கை நாய்க்குப் பரிந்துவிட்டாள். அன்றோடு போக்குவரத்து நின்றது. வீட்டில் அவள் பெயரையே யாரும் எடுக்கக் கூடாது. சீனிச்சாமிக்கு அவள் வெறும் 'கோம்பை அத்தை'. அவளுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அவன் நினைப்பில் இல்லை.

அவன் ஓடிவந்து சேர்வதற்குள் வாசலில் கூட்டம். 'கோம்பை உலகம் போயிருச்சாம்' என்று ஆளாளுக்குச் சொன்னபோதுதான் அவனுக்கு அந்தப் பெயர் உறைத்தது. அம்மா தரையில் கிடந்தாள். ராக்கையா வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றார்.

"யாரு சொன்னது?" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"உங்க மகன்தாங்கய்யா. மதுரையில படிக்கிற புள்ள பொய்யா சொல்லும்?" என்றாள் சோணையம்மாள்.

"அப்பா, நான் சொன்ன உலகம் வேற! அது கண்ணால பாக்குற உலகமில்ல!"

"இனிமே எங்கடா கண்ணால பாக்குறது!" என்று ராக்கையா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அப்பா அழுது மகன் பார்த்ததில்லை.

"அதில்லப்பா. உலகம் நிலையில்லன்னு பெரியவுக எல்லாம் சொல்லியிருக்காகல்ல..."

"புள்ள எம்புட்டுப் பக்குவமாத் தேத்துது பாருங்க," என்றாள் சோணையம்மாள் கூட்டத்திடம்.

இனிப் பூசி மெழுகிப் பயனில்லை என்று, "கோம்பை அத்தை சாகல! உசுரோடதான் இருக்காக!" என்று கத்தினான்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. "அத்த மேல உசுரு போல. புத்தி பேதலிச்சிருச்சு," என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் அவனைப் பிடித்து உட்காரவைத்து ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்கள்.

மேலே பேசினால் இரண்டாவது குடம் தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டான். வாயை மூடியதும், "ஆமா, அடங்கிருச்சு. இப்பத்தான் விவரம் உறைச்சிருக்கு," என்றார்கள்.

கோம்பைக்கு வண்டி பூட்டினார்கள். சின்னமனூர்க் கடைவீதியில் நிறுத்தி, தங்கைமேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடியாக அரக்குச் சேலை ஒன்று எடுத்தார் ராக்கையா. இருந்ததிலேயே நல்ல சேலை அதுதான். மறுபடி வண்டியில் ஏறியவர், "ஒரு நாய்க்காக இருந்துட்டேனே. போன மாசம்கூட ஆள் விட்டு வரச் சொன்னாளே. வீறாப்பா இருந்துட்டேனே," என்று சேலையிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

சீனிச்சாமி அதைக் கேட்டுக்கொண்டே வந்தான். துன்பத்தைப் பற்றி அவன் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். அது பக்கத்தில் உட்கார்ந்து மூக்குறிஞ்சும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. எத்தனை குடம் தண்ணீர் விழுந்தாலும் சரி என்று மடியிலிருந்த கட்டுரையை எடுத்தான். ஈரத்தில் மை பரவிய தாளை முதல் வரியிலிருந்து அப்பாவுக்கு வாசித்தான். இலக்கியம், சினிமா, ஒப்பாரி, உலகம் என்ற சொல், முறத்தோடு நின்ற சோணையம்மாள் என்று ஒன்று விடாமல் சொன்னான்.

ராக்கையா சேலையை மடியில் வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"அப்ப, கோம்பையிலருந்து ஒருத்தரும் வந்து சொல்லல?"

"இல்லப்பா."

"உலகம் சாகல?"

"சாகலப்பா."

பளீரென்று ஒரு அறை விழுந்தது. அடுத்து, அந்த அறைந்த கையாலேயே மகனை இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். வண்டியே ஆடியது. சுப்புத்தாய் அழுவதா சிரிப்பதா தெரியாமல் முந்தானையைக் கடித்தாள். பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பாடிவந்த சோணையம்மாளுக்குத்தான் தாங்கவில்லை. "நல்லாப் படிச்சய்யா நீயி! காலையிலருந்து கத்துன தொண்டைக்கு யாரு பதில் சொல்றது?"

"வண்டியத் திருப்பட்டுமா?" என்றான் ஓட்டுகிறவன்.

"எதுக்குத் திருப்பணும்?" என்றார் ராக்கையா. "கோம்பைக்கே விடு. உசுரோட இருக்குறப்பவே அவ கையில இந்தச் சேலையக் குடுத்துட்டு, வீட்டுக்கு வாடின்னு கூப்புடப் போறேன். நாயி கடிச்சாக் கடிக்கட்டும், இன்னொரு கால் சும்மாத்தான இருக்கு!"

உத்தமபாளையம் சாலையில் புளியமரத்து நிழல் வண்டிமேல் ஓடியது. சீனிச்சாமிக்குக் கன்னம் எரிந்தது. மனசு மட்டும் என்றைக்கும் இல்லாதபடி லேசாக இருந்தது. பென்சிலை எடுத்தான். 'சினிமா காட்டும் உலகம் பொய்' என்ற வரியைத் தேடி அழுத்தி அடித்தான். பிரிந்தவர் கூடுவது கொட்டகைக்கு வெளியேயும் நடக்கத்தான் செய்கிறது என்று எழுதுவதற்கு நல்ல வார்த்தையாக யோசித்துக்கொண்டிருந்தபோது, எதிரே ஒருவன் வேகுவேகென்று வந்தான். அத்தை வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்க்கும் சங்கிலி. வண்டியைக் கண்டதும் கையைக் காட்டி நிறுத்தினான்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் முட்டிய நீரை ராக்கையா துடைத்துக்கொண்டிருந்தார். சங்கிலி அவர் முகத்தைப் பார்த்தான். மடியிலிருந்த கோடிச் சேலையைப் பார்த்தான். சோணையம்மாளின் விரிந்த தலையைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து மெல்ல இடுப்பில் கட்டினான்.

"பொழுது விடியவே உலகம்மாவுக்கு உசுரு போச்சு, நானும் ஓட்டமா ஓடியாரேன்," என்றான். "எனக்கு முந்தி யாருங்கய்யா வந்து சொன்னது?"