சர்க்கார் சேவலும் எங்கள் சங்கத்தின் சரித்திரமும்

வல்லத்திராக்கோட்டை,
சித்திரபானு வருஷம், ஆவணி மாதம்.

புதுக்கோட்டை விவசாய ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் மச்சான் ஆத்மநாதன் அவர்கள் சமுகத்துக்கு, உங்கள் தங்கை உண்ணாமலையின் புருஷன் அழகுமலை கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானொருவன் நீங்கலாக, ஆடு மாடு உள்பட அனைவரும் சௌக்கியம். நீங்களும் தங்கச்சி பிரகதாம்பாளும் பிள்ளைகளும் சௌக்கியமாயிருக்க நார்த்தாமலை மாரியை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் இளம் உழவர் சங்கத்துக்கு முதலாம் ஆண்டு விழா. உங்கள் ஆபீசர் வருகிறார். பெற்றோர் சார்பில் சங்கத்தின் சரித்திரத்தை எழுதி நான் வாசிக்க வேண்டுமாம். உள்ளதை எழுதினால் ஜெயிலுக்குப் போவேன். ஆகவே உங்களுக்கு மட்டும் உள்ளபடி எழுதுகிறேன், எதை விட்டுவிடலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சங்கம் ஆரம்பித்தபோது பையன்கள் நாலு எழுத்தோடு நல்ல விவசாயமும் படிக்கட்டும் என்று நானும் சந்தோஷமாகத்தான் நம் பையன் நாகராசுவைச் சேர்த்துவிட்டேன். ஆனால் போன பங்குனியில் ஆபீசர் வந்தவுடன் பையன்களை உயரவாரியாக நிறுத்தினார், அங்க அடையாளம் எழுதிக்கொண்டார், வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார், மண்வெட்டியைத் தோளில் சாய்த்து லெப்ட் ரைட் போட வைத்தார், அப்புறம் ஆள் படுக்கிற நீளத்துக்குக் குழி வெட்டச் சொன்னார், கேட்டால் எருக்குழி என்கிறார். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பலசரக்குக் கடை மரியசெல்வம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "எருவுக்கு எதுக்குங்க லெப்ட் ரைட்டு? பர்மாப் பக்கம் சண்ட நடக்குது. இங்கிட்டுக் குழி வெட்டப் பழக்கி அங்கிட்டுக் கப்பல்ல ஏத்திருவாங்க. ஒங்க மகன் ஒசரமா வேற இருக்கான், மொத ஆளா நிக்கிறான்" என்றார். அன்று போன தூக்கம் இன்னும் வரவில்லை, மச்சான். ஒற்றைப் பிள்ளை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்கிடையே சங்கத்தில் ஆளுக்கொரு வெள்ளைச் சீமைச் சேவல் கொடுத்தார்கள், காலில் நம்பர் போட்ட சர்க்கார் வளையத்தோடு. அதை வளர்த்து ஆண்டு விழாவில் ஆபீசரிடம் காட்ட வேண்டும். வெயில் ஏறும்வரை பாயை விடாத நாகராசு, சேவலுக்கு முன்னால் எழுந்துகொள்ள ஆரம்பித்தான். பெற்ற அப்பனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு தராத பயல், அதற்குக் கொதிக்கவைத்து ஆற வைத்த தண்ணீர் கொடுத்தான். ஊரில் அதைப்போல் சேவல் இல்லை என்று ஆபீசரே முதுகில் தட்டிக்கொடுத்தார். முதுகில் தட்டுகிறவன் நாளைக்குக் கையைப் பிடித்து இழுக்க மாட்டானா என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆகவே பட்டாளத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றக் கருப்பருக்குச் சேவல் அறுப்பதாக நேர்ந்துகொண்டேன். எங்கள் வீட்டுச் சேவலைப் பிடித்தேன். உங்கள் தங்கை குறுக்கே வந்து நின்றாள். "அதுக்கு ஒத்தக் கண்ணுங்க. புள்ள உசுருக்குக் குடுக்குறத ஊனமாவா குடுப்பாங்க? மாசு மரு இல்லாததுன்னா அந்த வெள்ளச் சேவல்தான் இருக்கு" என்றாள். "அடியே, அது சர்க்கார் சேவலு" என்றேன். "சர்க்காரு பெருசா, கருப்பரு பெருசா?" என்றாள். எனக்கு இரண்டு பேரிடமும் பயம்தான். ஆனால் சர்க்கார் புதுக்கோட்டையில் இருக்கிறது, கருப்பர் கொல்லைக்கு அடுத்தாற்போல் இருக்கிறார். நாகராசு சங்கத்துப் பையன்களோடு அன்னவாசலுக்கு வயல் பார்க்கப் போயிருந்த அன்று காரியத்தை முடித்துவிட்டோம்.

சாயங்காலம் பசியோடு வந்தான். சாமிக்குப் படைத்த குழம்பு என்று ஊற்றினாள். ருசியாக இருக்கிறது என்று இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான். கையைக் கழுவிவிட்டு, சேவலுக்குப் போட ஒரு பிடி கம்பை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போனான். அப்புறம் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. நரி கொண்டுபோய்விட்டது என்று ஆபீசரிடம் சொல்லடா என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

நீங்கள் எனக்கு இரண்டு உபகாரம் செய்ய வேண்டும். ஒன்று, புதுக்கோட்டைச் சந்தையில் அதே சாயலில் ஒரு வெள்ளைச் சேவல் பிடித்து அனுப்பவும். சர்க்கார் வளையத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், காலில் மாட்டிவிடவும். இரண்டு, ஆபீசில் யாருக்கும் தெரியாமல் சங்கத்திலிருந்து நாகராசு பெயரை அடித்துவிடவும். நீங்கள் குலம் தழைக்க, கிணறு வற்றாமல், வாசலில் வைக்கோல்போர் குறையாமல் வாழ வேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பயத்துடன்,
அழகுமலை.

பின்குறிப்பு: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். விடிந்து பார்த்தால் நாகராசு இல்லை. "நான் வளத்தத நானே தின்னுட்டு, நரி தின்னுச்சுன்னு ஆபீசர் மொகத்தப் பாத்துப் பொய் சொல்லணுமாத்தா? திருச்சியில பட்டாளத்துக்கு ஆளெடுக்குறாங்களாம். போறேன்" என்று உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டு நடந்தே கிளம்பிவிட்டானாம். அவளும் கோபத்தில் சும்மா சொல்கிறான் என்று விட்டுவிட்டாள். மச்சான், ஆபீசர் யாரையும் கப்பலில் ஏற்றவில்லை. நான்தான் ஏற்றிவிட்டேன். சேவல் தேட வேண்டாம். பெயரை அடிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை அடுப்பில் போடாமல் அப்படியே ஆபீசரிடம் கொடுக்கவும், இதுதான் சரித்திரம். வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் நானே வாசிக்கிறேன், விலங்கு மாட்டினாலும் சரி. கரியில் ஓடுகிற பஸ்ஸின் டிரைவர் இதை உங்கள் கையில் நேரில் தருவார். நடந்து வருகிறவன் அதற்குப் பிறகுதான் வந்து சேருவான். பசி தாங்க மாட்டான், மாமன் வீட்டுக்கு வராமல் திருச்சிக்குப் போக மாட்டான். பிடித்து உட்கார வைத்து, உன் அப்பன் ஆபீசரிடம் உண்மையைச் சொல்லிவிட்டான் என்று சொல்லவும். தங்கச்சி அவனுக்கு வயிறு நிறையச் சோறு போடட்டும். கோழிக் குழம்பு மட்டும் வேண்டாம்.