சேவல் கூவினால்தான் சாமி சாப்பிடுவார்

பதெய்ன், பர்மா

புத்தர், தருமம், சங்கம் எனும் மும்மணிகளை வணங்கி, அன்புள்ள அக்கா ஓன் மே அவர்களுக்குத் தங்கை தின் யீ எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி குறையத் தினமும் ஒரு விளக்கு ஏற்றி வருகிறேன். எண்ணெய்ச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அம்மா இறந்த நாளுக்கு மடத்துப் பெரிய பிக்குவை அழைத்து அன்னம் படைத்து, அந்தப் புண்ணியத்தை அம்மாவுக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்பதே என் ஆசை. பெரிதாக ஒன்றுமில்லை, சாதாரணக் கோழிக்குழம்புதான். உயிர்க்கொலை நம் தலையில் விழக்கூடாது என்று, வெட்டி வைத்த கோழியாகப் பார்த்துச் சந்தையில் வாங்கிவரச் சொன்னேன். வீட்டுக்காரர் பா செய்ன் வாங்கி வந்தார். வெங்காயம், பூண்டு, இஞ்சி இடித்து வதக்கி, மஞ்சளும் மிளகாயும் போட்டு, தண்ணீர் வற்றி எண்ணெய் மேலே மிதக்கும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. இதற்கு நடுவே அரிசி ஆலைக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த உயிருள்ள சேவல் ஒன்று கொல்லையில் நின்றது. பிக்கு படியேறும்போது அது கூவியது. மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டு டோ ஷ்வே ஓடிப்போய் அதன்மேல் கூடையைக் கவிழ்த்தாள். கூவல் பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து நான் குழம்பைக் கொண்டு வைத்தேன்.

பிக்கு கிண்ணத்தைக் கையால் மூடிவிட்டார். "இப்பத்தான் ஒரு சேவல் கூவிச்சு. பாதியில நின்னுச்சு. உடனே இது வருது. எனக்காகக் கொன்னதோன்னு சந்தேகம் வந்துட்டா நான் தொடக்கூடாதும்மா."

"சாமி, அதுக்குள்ள எப்படி வேகும்?"

"வேகாதுதான். ஆனா சந்தேகம் வந்துடுச்சே."

சேவலைக் காட்டிவிடலாம் என்று டோ ஷ்வே கூடையைத் தூக்கினாள். அது வேலி தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. உச்சிப்பொழுது தாண்டினால் பிக்கு ஒரு பருக்கையும் தொடமாட்டார், அம்மாவுக்குப் போகவேண்டியது போகாது. தெருவே லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடியது. வீட்டுக்காரர் முதலில் பிடித்து வந்தது யார் வீட்டுப் பெட்டையோ.

"இதுவும் கோழிதானே சாமி?"

"நான் கேட்டது கூவிச்சேப்பா."

அடுத்ததாகச் சேவலே வந்தது. "அதே சேவல்தானா? கூவட்டும்" என்றார் பிக்கு. அது கூவவில்லை. வீட்டுக்காரர் அதன் எதிரே மண்டியிட்டுத் தானே கூவிக் காட்டினார். டோ ஷ்வே, "இவ்வளவு மோசமாக் கூவினா எந்தச் சேவல் பதில் சொல்லும், தள்ளுங்க" என்று தானும் உட்கார்ந்து கூவினாள். மூன்றாவதாக, அக்கா, நானும் கூவினேன். அவமானம் தாங்காமலோ என்னவோ, சேவல் கழுத்தை நீட்டிக் கூவிவிட்டது. "அதேதான்" என்று பிக்கு கையை எடுத்தார். இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்தது. புண்ணியத்தை அம்மாவுக்குச் சேர்ப்பித்தோம். தெருவே "சாது, சாது, சாது" என்று மகிழ்ந்து புண்ணியத்தில் பங்கு பெற்றது.

உங்கள் பங்கையும் பெயர் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மூன்று முறை சாது சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள். எல்லா உயிர்களும் இன்புறட்டும்.

தங்கை
தின் யீ

பி.கு.: உறையை ஒட்டும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆலைக்காரர் கொடுத்தது இரண்டு சேவலாம். இருக்கும்போது எதற்கு வாங்குவது என்று ஒன்றைச் சந்தைக்காரனிடம் கொடுத்து வெட்டி வாங்கி வந்தாராம். "சாமிக்குன்னு சொல்லித்தான் கொடுத்தேன், பார்த்து வெட்டுவான்ல" என்கிறார். அக்கா, சாது சொல்லிவிடாதீர்கள். அம்மாவுக்குப் போனதைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று, என் பெயரைச் சொல்லாமல், உங்கள் ஊர் மடத்தில் கேட்டு எழுதுங்கள்.