லெவல் நூறிலிருந்து அப்பா

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு,

திண்டிவனத்திலிருந்து உன் அப்பா சவுரிராயன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும், மாடி டேங்கும், நீ வாங்கிக் கொடுத்த ஃபோனும் சௌக்கியம். போலந்தில் நீயும் உன் குளிரும் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப் இருக்க இதென்ன கடிதம் என்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது. தபாலில் அந்தத் தொல்லை இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டதாக நானே நினைத்துக்கொள்ளலாம்.

உன் அம்மா, தங்கச்சி ரோஜாவின் பிரசவத்துக்கு என்று ஓசூர் போனவள், பேரனுக்குப் பல் முளைத்தும் திரும்பவில்லை. தினமும் ஃபோன் செய்து "காஸ மூடினீங்களா" என்று கேட்கிறாள். மூடிவிட்டேன் என்கிறேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த விளையாட்டை நேற்றோடு ஃபோனிலிருந்து அழித்துவிட்டேன். இனி என்னை அதில் தேட வேண்டாம்.

போன கிறிஸ்துமஸ் லீவில் நீயாகத்தான் ஏற்றிக் கொடுத்தாய். "ஃபோன்ல டெய்லி இன்னாப்பா பேசறது? இதுல வா, ரெண்டு பேரும் ஒண்ணா ஆடலாம்" என்றாய். பெயர் கேட்டது, போலாம்ரைட் என்று போட்டேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, நீ லெவல் நூறில் சாம்பல் கோட்டையில் இருக்கிறாய், நான் லெவல் ஒன்றில் ஒரு கோழிப்பண்ணை வாசலில் கையில் குச்சியோடு நிற்கிறேன். நூறாகாமல் கோட்டைக்குள் விடமாட்டார்களாம். சரி, மகன் மேலே இருக்கிறான், ஏறிப் போய்ச் சேர்ந்துகொள்வோம் என்று கிளம்பினேன்.

கிளம்பிய நாள் முதல் வழி தப்பியதைத் தவிர வேறொன்றும் நான் செய்யவில்லை. தவளைக் குகையில் இடப்பக்கம் போகச் சொன்னாய், வலப்பக்கம் போய் ஒரே தவளையிடம் பதினோரு முறை செத்தேன், பனிப்பாலத்தைத் தாண்டச் சொன்னாய், வந்த வழியே திரும்பி மறுபடி கோழிப்பண்ணையில் போய் நின்றேன், கப்பல் ஏறச் சொன்னாய், இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றதில் நாலு கப்பல் போய்விட்டது. போதாததற்கு, தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு வேலை சொல்லக் காத்திருக்கும் ஒருவரையும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. விழுப்புரம் லைனில் கூட்டேரிப்பட்டு, பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று கைகாட்டிய இடத்திலெல்லாம் விசில் அடித்து நிறுத்தியவன் நான். ஒரு கிழவர் பத்துக் காளான் கேட்டார், இருக்கட்டுமே என்று நாற்பது பறித்துப் போனேன், பத்துதான் வாங்கிக்கொண்டார், மீதி முப்பதையும் கடைசிவரை பையில் சுமந்தேன். "அதெல்லாம் வுடுப்பா, ஜல்தி மேல வா, நூறுலதான் கேமே ஆரம்பிக்கும்" என்றாய். அப்படியானால் தொண்ணூற்றொன்பது வரைக்கும் நடப்பதற்கு என்ன பெயர் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

ஒவ்வொரு தடவை வழி தப்பும்போதும் உன்னைக் கூப்பிட்டேன். "இன்னாப்பா பண்ணிக்கினு இருக்க? லெஃப்ட்ல போன்னா ரைட்ல போற. இத்தினி வருஷம் எப்டிப்பா கண்டக்டரா இருந்த?" என்று சிரிப்பாய். அப்படியே ராத்திரி என்ன சமைத்தாய், அங்கே பனி விட்டதா என்று பேச்சு நீளும். தவளைக் குகை ஒன்றுக்கே நாற்பது நிமிஷம் பேசினோம். அதற்கு முன் நாம் நாற்பது நிமிஷம் பேசியது நீ பத்தாவதில் கணக்கில் பெயிலானபோது. அன்றைக்கும் நான் மட்டும்தான் பேசினேன்.

இப்படியே எட்டு மாதத்தில் நாற்பத்தேழை எட்டினேன். என் பிறந்தநாளுக்கு நீ ஒரு தங்கச் சுருள் அனுப்பினாய். தட்டினேன், கண் மூடித் திறப்பதற்குள் நூறு. நடுவில் இருந்த அத்தனை ஊரும் பைபாஸில் போகிற எக்ஸ்பிரஸுக்குப் போவதுபோல் நிற்காமலே போய்விட்டன. மகன் ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்பதா என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கோட்டைக்குள் உன்னோடு எட்டுப் பேர், எல்லாருக்கும் ஒரே கவசம், ஒரே இறக்கை, ஹெட்போனில் கேட்ட குரலை வைத்துத்தான் உன்னைக் கண்டுபிடித்தேன். எனக்கு முப்பது பட்டன் கொடுத்திருந்தார்கள், எது எதற்கு என்று ஒன்றும் தெரியாது. வணக்கம் தம்பிகளா என்று நான் டைப் அடித்து முடிப்பதற்குள் டிராகன் நெருப்பைத் துப்பிவிட்டது. செத்தது நான் மட்டுமில்லை, என்னால் இன்னும் மூன்று பேர். "யார்ரா இந்த போலாம்ரைட்டு, நம்ம ஆளா?" என்றான் ஒருவன். "தெர்லடா, யாரோ" என்றாய் நீ. எட்டுப் பேர் முன்னால் நான் அப்படி நின்றால் அப்பா என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் வலித்தது, மறைப்பானேன்.

மறுநாள் ஃபோனில், அந்த டிராகனைப் போன வாரமும் கொன்றீர்களாமே என்று கேட்டேன். "வாராவாரம் வரும்பா. அதுங்கிட்டேர்ந்து க்ளவுஸ் எடுக்கணும்" என்றாய். க்ளவுஸ் எதற்கு என்றேன். "டிராகன ஜல்தி கொல்றதுக்கு" என்றாய். அன்றைக்கு ரெண்டே நிமிஷத்தில் ஃபோனை வைத்துவிட்டோம். நூறில் வழி தப்ப இடமே கிடையாது, ஒரே வாசல், ஒரே டிராகன். நாலு ஞாயிறாக நானும் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. மகன் இருக்கும் இடத்துக்கு ஏறி வந்த பிறகு இவ்வளவு தனியாக இருப்பேன் என்று நினைக்கவில்லை அறிவு. அதனால்தான் அழித்தேன்.

நீ வருத்தப்படாதே. எனக்குப் பொழுது நன்றாகவே போகிறது. காலையில் பூசை, பிறகு பேப்பர், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் விருத்தாசலத்தோடு ஒரு டீ. அவர் மகள் வீட்டுக்குப் போய் மாதம் ஒன்றாகிறது, வந்துவிடுவார். ஃபோன் எல்லாம் செய்ய வேண்டாம், வேலையைப் பார். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா எப்போதும் உன் பக்கத்தில் இருக்கட்டும், டிராகன் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சவுரிராயன்,
நடத்துநர் (ஓய்வு)

பி.கு.: ஒட்டுவதற்கு முன் ஓர் உண்மை. முப்பத்தோரு வருஷம் ஸ்டாப்பிங் மனப்பாடமாக வைத்திருந்தவன் நான். அந்த விளையாட்டில் ஓர் இடத்தில்கூட எனக்கு வழி தப்பியதில்லை. நேற்று அழித்ததை இன்று காலையில் மறுபடியும் ஏற்றிவிட்டேன். புது ஆள், லெவல் நாலு. தவளைக் குகை வாசலில் நிற்கிறேன், இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியவில்லை. நேரம் கிடைக்கும்போது கூப்பிட்டுச் சொல்லுப்பா. இந்தத் தபால் உன்னிடம் வர மூன்று வாரம் ஆகுமாம். பரவாயில்லை, அதுவரை இங்கேயே நிற்கிறேன்.