நான் போகாத போர்த்துக்கல்

இன்னொரு மழைக்காலத்தை இரத்தோட்டையில் கழிப்பதில்லை என்று போன மார்கழியில் சபதம் எடுத்தேன். எடுத்து முடிப்பதற்குள் மூன்று தும்மல்.

தேயிலை பெக்டரிகளில் முப்பத்தெட்டு வருஷம் டீமேக்கராக இருந்தவன் நான். எத்தனை லட்சம் கிலோ இலையைக் காய வைத்திருப்பேன்! நான் மட்டும் காயவே இல்லை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்திலிருந்து இறங்குகிற பனி மற்ற வீடுகளில் ஜன்னலோடு நின்றுவிடும். என் வீட்டில் உள்ளே வந்து நெஞ்சில் உட்காரும். துவைத்துப் போட்ட சாரம் நாலு நாளானாலும் ஈரம்தான். தலையணையில் காளான் முளைக்காதது முருகன் புண்ணியம்.

அந்த நேரத்தில்தான் மகள் விதுஷா கூப்பிட்டாள். அவளுக்கும் மருமகன் சதீஸ்குமாருக்கும் போர்த்துக்கலின் தெற்குக் கரையில் ஒரு ஹோட்டலில் வேலை.

"அப்பா, இங்க வருஷத்தில முன்னூறு நாள் வெயில். உங்களையும் அம்மாவையும் கூப்பிட்டுக்க வழி இருக்கு. எங்களுக்கும் வீடு மாறணும். கடலோரமா எந்த ஊர் நல்லம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பிறகு எனக்கு ஏது தூக்கம்? இரண்டு வாரம் போனும் கையுமாக இருந்தேன். ஃபாரோ என்று ஓர் ஊர். 'பாரோ, பாரோ' என்று அதுவே கூப்பிட்டது. பார்த்தேன், விமானச் சத்தம் அதிகம் என்று தள்ளினேன். லாகோஸில் உல்லாசப் பயணிகள் நெரிசல். கடைசியில் தவீரா. ஆறு, பழைய பாலம், உப்பளம், வெள்ளை வெள்ளையாக வீடுகள். கிழவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவன் யார்? தவீராதான் என்று முடிவு செய்தேன். பல்கனியில் கதிரையை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதுகூட முடிவாகிவிட்டது.

மனைவியிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அழகம்மா என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு. நான் கிழக்கு என்று சொல்ல வாயெடுத்தாலே அவள் மேற்கே பாதி தூரம் போயிருப்பாள். தவீராவுக்குப் போகலாம் என்று நான் சொன்னால் இரத்தோட்டைதான் சொர்க்கம் என்பாள். ஆகவே பக்கத்து வீட்டு இத்ரூஸ் நாநாவிடம் ஆலோசனை கேட்டேன். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர்.

"அண்ணே, அக்கா நீங்க சொன்னதுக்கு எப்பவாவது சரின்னு சொல்லியிருக்காங்களா?"

"ஒருக்கா. கல்யாணத்தன்னைக்கு. அதுவும் கேட்டது ஐயர்."

"அப்ப வேலை லேசு. வியாபாரத்தில வேணும்ங்கிற சாமானை வேணாம்னு சொல்லித்தான் வாங்கணும். நீங்க போகமாட்டேன்னு நில்லுங்க. அவங்க போயே தீரணும்னு நிப்பாங்க. நீங்க அழுதுகிட்டே பிளேன் ஏறலாம்."

என்ன மூளை! அன்று சாயந்தரமே வீடியோவில் மகளைக் கூப்பிட்டேன். அழகம்மா பக்கத்தில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"விதுஷா, நான் வரல்ல. எனக்கு இந்த மண்ணு போதும். இந்தக் குளிர்தான் என் உடம்புக்கு ஒத்துக்கும்." இந்த இடத்தில் நாலு முறை இருமினேன். நடிப்பில்லை. "போர்த்துக்கல்லு என்ன பெரிய போர்த்துக்கல்லு? நான் இங்கயே போர்த்திக்கிட்டுப் படுத்துக்குவேன்!"

சிலேடைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தேன். இப்போது வெடிக்கும். இதோ வெடிக்கும்.

"சரிங்க" என்றாள்.

"என்ன சரி?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

முப்பத்துமூன்று வருஷத்தில் இந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. காது அடைத்துக்கொண்டது.

மறுநாள் இத்ரூஸ் நாநா தைரியம் சொன்னார். "அவங்க நம்பல்ல அண்ணே. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க."

இறுக்கினேன். இனி இங்கேதான் வாழ்க்கை என்று காட்ட, கூரைத் தகரத்தை மாற்ற ஏறினேன். அழகம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது மிளகுக் கன்று நட்டேன். அவள் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த வாரம் கோயில் கமிட்டிக்காரர்கள் மாலையோடு வந்து என்னைத் தலைவராக்கிவிட்டுப் போனார்கள். மூன்று வருஷத்துக்கு.

"இவங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தாங்க. எங்க ஆளு இனி எங்கயும் போகமாட்டாருன்னு சொன்னேன். அவங்களுக்கு ஒரே சந்தோஷம்."

கழுத்தில் மாலை அரித்தது.

பிறகு ஒருநாள் அழகம்மா ஒரு காகிதத்தை நீட்டினாள். "விதுஷா அனுப்பினது. கொமினிகேஷன் கடையில பிரின்ட் எடுத்தேன். நீங்க வரல்ல, நான் போறதுக்குச் சம்மதம்னு ஒரு கையெழுத்து."

ஓகோ, என்று நினைத்துக்கொண்டேன். மிரட்டிப் பார்க்கிறாள். நான் கையெழுத்துப் போட்டால் பதறிப்போய்க் காகிதத்தைப் பறித்துக் கிழிப்பாள், 'நீங்க இல்லாம நான் எப்படிங்க' என்பாள். அதுதான் நான் காத்திருந்த கட்டம். பேனையை எடுத்து என் முழுப்பெயரையும், சுந்தரலிங்கம் என்று, அழுத்தி எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டேன். அவள் காகிதத்தை வாங்கி ஊதி மை காய வைத்தாள். நாலாக மடித்தாள். அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

ஐந்து மாதத்தில் விசா வந்தது. ஒன்று.

கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் வேனில் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் பெக்டரியை அதட்டிய வாய்க்கு 'என்னையும் கூட்டிட்டுப் போ' என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். இதோ, இப்போதாவது!

"பின்பக்க ஜன்னலைச் சாத்திட்டுப் படுங்க. பனி வரும்" என்றாள். போய்விட்டாள்.

மூன்று வாரம் சோறு வடித்தேன். ஒருநாள் குழைந்தது, மறுநாள் தீய்ந்தது. இருமினால் 'மருந்து குடிச்சீங்களா' என்று அதட்ட ஆளில்லை. இருமலுக்கே உற்சாகம் குறைந்துவிட்டது. நாலாவது வாரம் மானத்தை மடித்து வைத்துவிட்டு வீடியோ கோல் எடுத்தேன். அழகம்மா பல்கனியில் இருந்தாள். வெயில் அவள் மூக்குத்தியில் பட்டுத் தெறித்தது. தலையில் தொப்பி!

"எந்த ஊருடி அது?"

"தவீரா. நீங்க போன்ல பாத்து வச்சிருந்த ஊர்தான். நல்லாத்தான் தேடியிருக்கீங்க."

என்னைத் தவிர எல்லோரும் தவீராவில்.

"அழகம்மா, நான் சும்மா சொன்னேன். வரமாட்டேன்னது பொய். உன்னைக் கிளப்பத்தான் அப்படி..."

"தெரியுங்க."

"தெரியுமா? எப்ப?"

"அன்னைக்கே. இத்ரூஸ் நாநா எதையும் பொண்டாட்டி றஹீமாகிட்ட சொல்லாம ஒரு பிளேன்டி குடிப்பாரா? றஹீமா எங்கிட்ட சொல்லாம இருப்பாளா?"

"தெரிஞ்சும் எதுக்குடி கையெழுத்து வாங்கின? எதுக்குக் கோயில் கமிட்டி?"

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"ஏழு தோட்டம் மாறினோம். கம்மடுவயில அந்தத் தோட்டத்து லயத்து ஸ்கூல்ல எனக்கு டீச்சர் வேலை கிடைச்சுது, ஞாபகமிருக்கா? திங்கக்கிழமை சேரணும். சனிக்கிழமை வந்து, 'ட்ரான்ஸ்பர், நாளைக்கு லொறி வருது, சாமானைக் கட்டு'ன்னீங்க. கட்டினேன். சட்டியைக் கட்டினேன், தொட்டிலைக் கட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'எங்க இருக்கலாம் அழகம்மா'ன்னு கேட்டீங்களா? இந்தத் தடவையும் ஊரைத் தேடினீங்க, வீட்டைத் தேடினீங்க. என்கிட்ட கேக்கிறதுக்குப் பதிலா என்னை ஏமாத்த வழி தேடினீங்க. நேரா வந்து 'போகலாமா'ன்னு கேட்டிருந்தா அன்னைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்."

கம்மடுவ ஞாபகமிருந்தது. லொறியின் நிறம்கூட ஞாபகமிருந்தது. அந்த வேலைதான் ஞாபகத்தில் இல்லை. அவள் அழுதாளா என்றும் தெரியவில்லை. பார்த்திருந்தால்தானே?

 பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்டேன்.

"சரி அழகம்மா. இனி நாம எங்க இருக்கலாம்? நீயே சொல்லு."

கேட்டுவிட்டேன். உலகத்தில் எந்தப் பெண்ணும் இந்தக் கேள்விக்கு உருகுவாள். அவளும் உருகினாள் என்றே நினைக்கிறேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடல் பக்கம் பார்த்தாள். நன்றாக யோசித்தாள்.

"நீங்க அங்க இருங்க. நான் இங்க இருக்கேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"பாப்போம். கமிட்டி வேற மூணு வருஷமாச்சே."

"எனக்குன்னு விதுஷா ஒரு அறை வச்சிருப்பாளே, அது?"

"அது சும்மா கிடக்க வேணாம்னு நிஷாந்தியைக் கூப்பிட்டிருக்கோம். மூணு மாசம் இருந்துட்டுப் போவா."

நிஷாந்தி அவள் தங்கச்சி. கலேவெலயில் வாழ்க்கைப்பட்டவள்.

"கலேவெலயில இல்லாத வெயிலா அங்க இருக்கு? அங்க வயலே வெடிச்சுக் கிடக்குதே!"

"அந்த வெயில்ல அவ வேலை செய்றா. இந்த வெயில்ல சும்மா உக்காரட்டும். வெள்ளிக்கிழமை பிளேன். நீங்கதான் ஏர்போட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும், வருவீங்களா?"

கவனித்தீர்களா? அவள் கேட்டாள். கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

நிஷாந்தியின் பெட்டி முப்பது கிலோ. நான்தான் தூக்கினேன்.