பெய்கோவ் காலமானார்

நாடாளுமன்ற வாசலின் கண்ணாடிக் கதவு அன்று காலை உறுப்பினர் த்ரகோமிர் பெய்கோவுக்குத் திறக்க மறுத்தது. அட்டையைத் தேய்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. கைக்குட்டையால் அட்டையைத் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். மறுபடியும் சிவப்புதான்.

காவலர் ஸ்தாமத் தன் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"என்னய்யா ஆச்சு?"

"ஐயா, நீங்க நேத்து சாயங்காலம் தவறிட்டீங்களாம்."

"யாரு?"

"நீங்கதாங்கய்யா. ஆழ்ந்த இரங்கல்னு போட்டிருக்கு."

"உன் கண்ணு முன்னால நிக்கிறேனே, தெரியலையா?"

"எனக்குத் தெரியுதுங்க. கதவுக்குத் தெரியலையே!"

இதில் கதவைக் குறை சொல்ல முடியாது. அது சட்டப்படி நடந்துகொண்டது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே பெய்கோவ்தான்.

பல்கேரியாவில் ஒருவர் கண்ணை மூடினால், படத்தோடு ஒரு தாள் அச்சடித்துக் கதவிலும் மரத்திலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டிவிடுவார்கள். அதோடு முடியாது. நாற்பதாம் நாள் ஒரு தாள், ஆறாம் மாதம் ஒன்று, அப்புறம் வருஷா வருஷம் ஒன்று. ஊரே செத்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்கும். ஆனால் மரணச் சான்றிதழ் வாங்க மட்டும் விதவைகள் அலுவலகம் அலுவலகமாக அலைந்து செருப்பைத் தேய்த்தார்கள்.

பெய்கோவுக்கு அது பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாப்புகளில் கேமரா வைக்கச் சொன்னார். ஒட்டிய தாளைக் கேமரா படிக்கும். மக்கள் பதிவேட்டில் தானே எழுதிக்கொள்ளும். பென்ஷன், வங்கி, தொலைபேசி எல்லாவற்றையும் தானே முடித்துவைக்கும். அதிகாரியின் கை எங்கேயும் படக்கூடாது. கை பட்டால் லஞ்சம் கேட்கும் என்பது அவர் வாதம்.

"சட்டம்ங்கிறது அப்பா போட்ட கோட்டு மாதிரி" என்று மேடைக்கு மேடை சொல்வார். "பையன் வளர்ந்துட்டே போறான். அப்பப்ப பிரிச்சுத் தைக்கலேன்னா முழங்கை கிழியத்தான் செய்யும்."

அவருடைய பெரிய மசோதா மறுநாள் காலை வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. அதன்படி எந்தச் சட்டமானாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, அன்றைய கருவிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பொருந்தாவிட்டால் செல்லாது. பல வருஷமாக அந்த மசோதாவோடுதான் சாப்பிட்டார், தூங்கினார். தலையை எண்ணிப் பார்த்தால் அது ஒரே ஒரு ஓட்டில் தேறும். அந்த ஓட்டு அவருடையது.

பெய்கோவ் அங்கேயே நின்று பதிவேட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார். எந்திரக் குரல் கனிவாகக் கேட்டது: "இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?"

"நானேதான் அவர்!"

"இறந்தவர் பெயரில் பேசுவது குற்றம். உங்கள் அழைப்பு பதிவு செய்யப்பட்டது. இந்த எண் இப்போது முடக்கப்படுகிறது."

போன் செத்தது. கார் சாவியும் போனுக்குள்தான் இருந்தது. ஆகவே காரும் செத்தது.

உதவியாளர் நெதா ஓடி வந்தாள். அழுதிருந்தாள் போல, மூக்கு சிவந்திருந்தது. அவரைக் கண்டதும் நிம்மதியில் ஒரு அதட்டல் போட்டாள்.

"சார்! உயிரோட இருந்தா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"காலையிலேயே எழுந்ததும் நான் உயிரோட இருக்கேன்னு உனக்குச் சேதி அனுப்பணுமா?"

"நீங்க அனுப்பல. உங்க எந்திரம் அனுப்பிருக்கு."

அரசு அலுவலகங்களிலிருந்து வரும் சேதி எதையும் பெய்கோவ் படிப்பதில்லை. படித்துப் பதில் போட ஒரு எந்திரம் வைத்திருந்தார். பதிவேட்டில் மாற்றம் செய்தால் சம்பந்தப்பட்டவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதன்படி அவர் மரணச் சேதி அவருக்கே வந்திருக்கிறது. எந்திரமும் வழக்கம்போல் பதில் போட்டிருக்கிறது.

நெதா வாசித்தாள். "'பெற்றுக்கொண்டேன், மிக்க நன்றி. நல்ல பணி தொடரட்டும்.' இது நோட்டீஸ் ஒட்டின பஸ் ஸ்டாப் பலகையிலயும் ஓடுமாம் சார். ஒட்டினவங்க பார்க்கறதுக்காக."

"அது நான் சேர்த்த பிரிவுதான்" என்றார் பெய்கோவ். குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்க முடியாது.

எப்படியும் சபைக்குள் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். பார்வையாளர் மாடத்துக்கு மட்டும் இன்னும் காகிதச் சீட்டு, கையால் திறக்கும் கதவு. இந்தப் பழைய கதவை மாற்ற வேண்டும் என்று அவரே இரண்டு தடவை மனு கொடுத்திருந்தார். ஸ்தாமத் அதைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனால் மொத்தச் சபையும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. பதிவேடு சபாநாயகருக்கும் சேதி சொல்லியிருந்தது. மௌன அஞ்சலி. மாடத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். வேறு வழியில்லாமல் பெய்கோவும் தனக்காகத் தலை குனிந்து நின்றார்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் ரகசியமாகக் கேட்டாள். "தெரிஞ்சவரா?"

"ரொம்ப."

"நல்ல மனுஷனா?"

பெய்கோவ் மாடத்தின் கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார்.

கீழே, வாழ்நாள் முழுக்க அவரை எதிர்த்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "அவர் சொன்ன ஒண்ணையும் நான் ஒத்துக்கிட்டதில்ல. ஆனாலும் அந்த நாற்காலி காலியா இருக்கிறதப் பார்க்க வயிறு எரியுது."

அதற்கு மேல் பெய்கோவால் தாங்க முடியவில்லை. "நான் இங்கதான்யா இருக்கேன்!" என்று கத்தினார்.

அஞ்சலி நேரத்தில் கூச்சல் போட்ட குற்றத்துக்காக இரண்டு காவலர்கள் அவரைத் தூக்கி வெளியே விட்டார்கள். இனி பார்வையாளர் சீட்டும் கிடையாது.

நடைபாதையில் சபாநாயகர் அம்மாள் அவரைப் பார்த்துவிட்டு நின்றார். "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்கு நல்லாவே தெரியுது பெய்கோவ். அதைப் பதிவேட்டுல எழுத எனக்குக் கை கிடையாது. நீங்கதான் வெட்டி எடுத்தீங்க. நாளைக்குக் காலையில உங்க கட்சிப் பட்டியல்ல அடுத்த ஆள் மொம்சில் பதவி ஏத்துக்குறார். சட்டம்."

"அவன் என் மசோதாவுக்கு எதிரா ஓட்டுப் போடுவானே!"

"போடுவார். புது டை கூட வாங்கிட்டாராம்."

பெய்கோவ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நெதா தன் திரையில் சட்டத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரே வழிதான் சார். நோட்டீஸை ஒட்டினவரே, அதே கேமரா முன்னால, தன் கையால கிழிக்கணும். லெஷ்டார்கா பஸ் ஸ்டாப்னு போட்டிருக்கு."

சொந்த ஊரான லெஷ்டார்காவின் பெயரைக் கேட்டதும் பெய்கோவ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, எங்க தாத்தா! எங்க வீட்டுல பேரனுக்குத் தாத்தா பேர். எங்கப்பா பென்கோ, தாத்தா த்ரகோமிர், அவருக்கும் அப்பா பென்கோ. அப்பா பேரையும் சேர்த்து முழுப்பேர் எழுதினா தாத்தாவும் நானும் ஒண்ணுதான். அப்பா தாத்தாவுக்கு வருஷ நோட்டீஸ் ஒட்டியிருப்பார். கேமரா அது நான்தான்னு நினைச்சிடுச்சு."

"அப்போ அப்பாவுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுதே!"

"அங்க கம்பி இல்ல."

"ஏன்?"

"பழைய தொலைபேசிக் கம்பியெல்லாம் எடுத்துட்டோம். அது என் முதல் சட்டம்" என்றார் பெய்கோவ். "டவர் வரும்னு சொன்னாங்க."

"வந்துதா?"

பெய்கோவ் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். நெதா தன் பையிலிருந்த சில்லறையைக் கொட்டிக் கொடுத்தாள். அரசியலுக்கு வந்தபின் அவர் பஸ்ஸில் ஏறியது அன்றுதான் முதல் தடவை.

வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். அம்மாவைப் புதைத்த அன்று லெஷ்டார்காவுக்குப் போனவர், அதற்குப் பிறகு போகவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தாயிற்று. அப்பாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்பதா, முதலில் நோட்டீஸைக் கிழிக்கச் சொல்வதா? நாளைக் காலை வாக்கெடுப்பு. கிழிப்பது முதலில் என்று முடிவு செய்தார்.

பொழுது சாயும்போது பஸ் அவரை இறக்கிவிட்டுப் போனது. பஸ் ஸ்டாப்பில் கேமரா கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே சின்னப் பலகை. பலகைக்குப் பக்கத்தில் புத்தம்புதிய நோட்டீஸ், கறுப்புச் சிலுவையோடு. அதில் இருந்தது தாத்தாவின் முகம் இல்லை.

பெய்கோவின் முகம்தான். தேர்தல் சுவரொட்டியிலிருந்து கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். அவசரத்தில் 'உங்கள் நாளைய குரல்' என்ற வரியும் கூடவே வந்துவிட்டது. அதன் பக்கத்தில் மழையில் கரைந்த பழைய தாள் ஒன்று. முகம் போய்விட்டது, '…கோவ்' என்று மட்டும் தெரிந்தது. அதுதான் தாத்தாவுடையது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை பிளம்ஸ். பாதி உடம்பாகிவிட்டிருந்தார்.

"வந்துட்டியா? ராத்திரிக்கு வருவேன்னு நெனச்சேன். பிளம்ஸ் தின்னு, நல்லா பழுத்திருக்கு."

"அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? இது என் படம்!"

"தெரியும். நான்தானே கத்தரிச்சேன். கண்ணு சரியாத் தெரியல, அதான் ஓரம் கோணிடுச்சு."

"தெரிஞ்சேவா பண்ணினீங்க? என் கார்டு போச்சு, போன் போச்சு, நாளைக்கு என் சீட்டே போகப்போகுது!"

"அடேயப்பா, அவ்வளவா போயிடுச்சு?" அப்பா கேமராவைக் கையால் காட்டினார். "வேற எப்படிடா உன்னைக் கூப்பிடுறது? கம்பிய எடுத்துட்ட. டவர் வரல. இந்த ஊர்லேர்ந்து தலைநகர் சோஃபியாவோட பேசுறது இது ஒண்ணுதான். உன்னைப் பார்க்கணும் போல இருந்துது."

பெய்கோவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. கூடவே கண்ணிலும் ஏதோ முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினார்.

"அதுக்கு என்னையா சாகடிக்கணும்? உங்க பேர்ல ஒண்ணு ஒட்டியிருந்தா அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்திருக்க மாட்டேனா?"

அப்பா ஒரு பிளம்ஸைச் சட்டையில் துடைத்து அவர் கையில் வைத்தார். பிறகு அந்தப் பழைய, கரைந்துபோன தாளைத் தடவிக்கொடுத்தார்.

"வசந்தத்துல அதைத்தான்டா முதல்ல ஒட்டினேன். பென்ஷன் நின்னுபோச்சு. அப்புறம் இந்தப் பலகையில உன் பதில் வந்துது: 'பெற்றுக்கொண்டேன், மிக்க நன்றி. நல்ல பணி தொடரட்டும்.'"