ஒரு டோக்கன் கம்மி

முட்டாள்தனமும் பரம்பரைச் சொத்துதான். என்னுடையது, சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அப்பா வருஷக்கணக்காக இறங்கி ஏறிச் சேர்த்துவைத்தது.

அங்கே ஒரு வழக்கம். சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. மேலே வந்து திருப்பிக் கொடுத்ததும் அதைப் பலகையில் அவரவர் ஆணியில் மாட்டுவார்கள். ஓர் ஆணி காலி என்றால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான். "தலைய எண்ணாதடா, ஆணியப் பாரு" என்பார் அப்பா. (சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாயிற்று. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை மட்டும் யாராலும் மூட முடியவில்லை.)

எனக்கு இருபத்தாறு வயதானபோது பெங்களூரில் ஒரு பாதாள மெட்ரோ நிலையம் திறக்கவிருந்தது. பயணிகளுக்கு வழிகாட்ட ஆள் எடுத்தார்கள். இரண்டு வருஷமாக அக்கா சம்பளத்தில் சோறு தின்றுகொண்டிருந்தவன் நான். "இதுவும் போச்சுன்னா வீட்டுப் பக்கம் வராத" என்று சொல்லித்தான் அக்கா என்னை ரயிலேற்றினாள்.

தேர்வே நிலையத்துக்குள்தான். ஆறு பேர் வந்திருந்தோம். மேற்பார்வை மேடம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்து எங்களைக் கீழே அழைத்துப் போனார். முதல் தளத்தில் டிக்கெட் கவுன்டர், அதற்கும் கீழே பிளாட்பாரம், அதன் இரு கோடியிலும் கறுத்த சுரங்கப் பாதைகள். அந்த இடத்தில் முன்பு குதிரை லாயமும் பெரிய கிணறும் இருந்தனவாம். கிணற்றைத் தூர்த்த பிறகும் தோண்டத் தோண்டத் தண்ணீர் பொங்கியதாம். இதையெல்லாம் நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் வெளுத்து வாங்கினேன். அப்பாவின் சுரங்கப் பாஷையில் பிளாட்பாரத்தை 'செகண்ட் லெவல்' என்றேன், லிப்டை 'கேஜ்' என்றேன். மேடம் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மேலே வந்ததும் மற்றவர்கள் டோக்கனைத் தட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் மட்டும் மேடத்திடம் அளந்துகொண்டு நின்றேன். அவர் தட்டைப் பார்த்து, "ஒந்து டோக்கன் கம்மி இதெ" என்றார் கன்னடத்தில், ஏதோ பேனா காணாமல் போன மாதிரி.

அப்படியானால் ஓர் ஆள் இன்னும் கீழே. நீலச் சட்டைக்காரன்! எங்கள் ஆறு பேரில் ஒருவன், பிளாட்பாரக் கோடியில் சுரங்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் மேலே வந்ததை நான் பார்க்கவேயில்லை.

"மேடம், ஆள் கீழ மாட்டிக்கினான்!" என்று கத்திவிட்டுப் படியில் பாய்ந்தேன்.

கீழே விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள். தூரத்தில் ஒரேயொரு பச்சை விளக்கு. எங்கோ தண்ணீர் சொட்டியது. தூர்த்த கிணறு பாழாய்ப்போன நேரத்தில் ஞாபகம் வந்தது. "யாராவது கீறீங்களா?" என்றேன். சுரங்கம் அதையே என்னைவிடக் கனத்த குரலில் கேட்டது. நான் நடந்தால் பின்னால் யாரோ நடந்தார்கள். நான் நின்றால் ஓரடி கூடுதலாக வைத்துவிட்டு நின்றார்கள். அதற்குப் பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

குரல் கொடுக்காமல் ஆளைத் தேடவும் அப்பா வழி சொல்லியிருந்தார். பாறை சரிந்து மாட்டிக்கொண்டவன் குழாயைத் தட்டுவான், தேடிப் போகிறவன் பதிலுக்குத் தட்டுவான். சுவரோரம் ஓடிய இரும்புக் குழாயை பெல்ட்டைக் கழற்றி அதன் கொக்கியால் மூன்று முறை தட்டினேன்.

இருட்டின் மறுகோடியிலிருந்து மூன்று தட்டு வந்தது.

உயிரோடு இருக்கிறான்! அழுகையே வந்துவிட்டது. ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தட்டிக்கொண்டே போனேன். அந்தத் தட்டலும் என்னை நோக்கி வந்தது. மாட்டிக்கொண்டவன் எப்படி நடந்து வருவான் என்ற சந்தேகம் பாதி வழியில்தான் உதித்தது. திரும்பி ஓடலாம் என்று நினைத்த நொடியில் ஈரமான ஒரு கை என் தோளைப் பிடித்தது.

நான் போட்ட கூச்சலில் மேலே நின்ற காவலாளி அபாயச் சங்கை அழுத்திவிட்டார். விளக்குகள் எரிந்தன. எதிரே நீலச் சட்டைக்காரன், வேர்த்துக் கொட்ட, குழாயைத் தட்டிய சாவிக்கொத்தோடு நின்றான்.

"இன்னாய்யா நீ! ஒரு ஆளு கீழ கீறாருன்னு மேடம் சொன்னாங்க. அந்தப் பக்கத்து வாசல்ல எறங்கி உன்னத்தான் தேடிக்கினு வரேன்!"

"கொழாயத் தட்ட யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"எங்க நைனா. ஊரிகம் மைன்ல இருந்தாரு." அது அப்பாவின் சுரங்கத்துக்குப் பக்கத்துச் சுரங்கம்.

ஆறாவது டோக்கன் என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது.

இருவருக்கும் வேலை இல்லை என்று மேடம் அங்கேயே சொல்லிவிட்டார். அக்காவை நினைத்தபோது அந்தச் சுரங்கமே தேவலை என்று தோன்றியது. துணைக்கு நீலச் சட்டைக்காரனையும் வீட்டுக்கு இழுத்துப் போனேன். நடந்ததைச் சொல்லி முடித்ததும், அக்கா வாய் திறக்கும் முன் அப்பா கேட்டார்: "ரெண்டு பேரும் மேல வந்துட்டீங்கல்ல? அப்புறம் இன்னா." அதன் பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வந்து நிறுத்தும்வரை.

அந்தக் கலாட்டாவில் டோக்கனைக் கொடுக்க மறுபடியும் மறந்திருந்தேன். அப்பா அதைத் துளைத்து, நூல் கட்டி, வாசலில் ஆணியடித்து மாட்டினார். இப்போது எனக்கு பெங்களூரில் வேறு வேலை, தினமும் ரயில். காலையில் அக்கா அடுத்த வீட்டிலிருந்து, "டோக்கன் எடுத்துக்கினியாடா?" என்று கத்துவாள். வரிசை வீடுகள் இருக்கும் எங்கள் லைனே சிரிக்கும். (அதிகம் சிரிப்பவர் அக்கா வீட்டுக்காரர். நீலச் சட்டைக்காரர் அவர்தான்.)

சாயங்காலம் நான் வந்து அதை ஆணியில் மாட்டும்வரை அப்பா சோற்றில் கை வைப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "சும்மா தமாசுக்குடா" என்பார்.