எண்பதே போதும் என்ற மாப்பிள்ளைக்கு

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும், புது வீட்டுச் சுவரில் அடித்த பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நலம் விசாரித்து முடிந்தது. இனி எழுதப்போவதில் மரியாதை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அதற்கு என் கோபத்தைத்தான் திட்ட வேண்டும். உங்கள் மேல் எனக்குள்ள மரியாதை கல்யாணத்தன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. கூடவே பதினொரு கட்டம் போட்ட ஒரு அட்டவணையும் வந்தது. தொழிற்சாலையில் தரம் பார்க்கிற உத்தியோகம் உங்களுக்கு, அதனால் என் கேமராவுக்கான லென்ஸ்களுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் அடித்து அனுப்பியிருந்தீர்கள். எண்பதுக்கு மட்டும் பச்சை. ஐம்பது, நூற்றைம்பது, இருநூற்றைம்பது எல்லாம் சிவப்பு. கடைசியில் ஒரு வரி: "மாமா, எண்பது எம்.எம். ஒன்று போதும். அதுவும் சிரமம் என்றால் விட்டுவிடுங்கள், சனிக்கிழமை வரும்போது அத்தையை என் போனில் இரண்டே செகண்டில் எடுத்துவிடுகிறேன். கேமராவை அழகாக ஷோகேஸில் வைத்துவிடலாம்." அந்த 'அழகாக' என்ற வார்த்தையைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாப்பிள்ளை, அந்தக் கேமரா ஷோகேஸுக்குப் போகாது. நான் உயிரோடு இருக்கும்வரை போகாது, அதற்குப் பிறகும் போகக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போவேன்.

அது என் கைக்கு வந்த விதம் உங்களுக்கு முழுதாகத் தெரியாது. முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் நின்றவன் நான். ஓய்வுபெற்ற அன்று எங்கள் டாக்டரம்மா ஸ்டோர் அறையைத் திறந்து, ஒரு காலத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்த எக்ஸ்ரேக்களைப் படமெடுத்த அந்தச் சதுரப் பெட்டியை எடுத்து, "உங்களைத் தவிர இங்க யாருக்கும் பிலிம்னா என்னன்னே தெரியாது, நீங்களே வச்சுக்குங்க" என்று கொடுத்தார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்தில் பாதி. பெட்டி கிண்ணென்று இருந்தது, லென்ஸ்தான் இல்லை, எவனோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதே வாரம் என் மகள் போன் செய்து, "புது வீட்டு ஹால்ல மாட்டணும், அம்மாவோட நல்ல படம் ஒண்ணு குடுங்கப்பா" என்றாள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். கிடைத்தது எங்கள் கல்யாணக் குரூப் போட்டோ ஒன்றுதான், அதிலும் என் பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால் உங்கள் அத்தையின் ஒரு கண்ணும் அரை நெற்றியும் தெரிகிறது. ஊரார் விலா எலும்பையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்தவனிடம் கட்டினவளின் முகம் ஒன்று இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, மாப்பிள்ளை. இந்தப் படத்தை நான்தான் எடுக்க வேண்டும். அதை நீங்கள் இரண்டு செகண்டில் முடித்துவிட்டுக் காபி கேட்க நான் விடப்போவதில்லை.

முதலில் இருநூற்றைம்பது வாங்கினேன். ஏன் என்று கேட்பீர்கள். எக்ஸ்ரே மெஷினில் எண்ணைக் கூட்டினால் கதிர் உள்ளே இன்னும் ஆழமாகப் போகும், எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அது, லென்ஸிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கடைக்காரர் தடுக்கவில்லை, மூன்று வருடமாக விற்காத சரக்கை ஒருவன் தானாக வந்து கேட்டால் யார் தடுப்பார்கள்? வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் இரண்டரை மீட்டருக்குள் எதுவும் தெளிவாகத் தெரியாதாம். நம் ஹாலின் நீளம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அத்தையை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்ப் போய், கடைசியில் வாசலைத் தாண்டி மாடிப்படி முகப்பில் நின்றேன். கேமராவில் மேலே இருந்து குனிந்து பார்க்கிற கண்ணாடி, அதில் வேறு இடது வலது மாறித் தெரியும். முப்பத்தோரு வருடம் ஒவ்வொரு பிலிமிலும் இடது வலது குறி வைத்தவனுக்கே தலை சுற்றியது, அவள் இந்தப் பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் அந்தப் பக்கம் ஓடினாள். ஒருவழியாகப் பிடித்து, தொழிலில் சொல்கிற மாதிரி "மூச்சை இழு, பிடிச்சுக்கோ, அசையாதே" என்று சொல்லிவிட்டு ஃபோகஸ் பண்ண ஆரம்பித்தேன். நடுவில் மேல்மாடி வக்கீல் வந்து, "என்ன சார், வீட்டுக்குள்ள பாம்பா?" என்றார். அவருக்கு விளக்கம் சொல்லி அனுப்பிவிட்டு அழுத்தினேன். கழுவிப் பார்த்தால் சுவிட்ச் போர்டில் உள்ள திருகாணி வரை தெளிவு. உங்கள் அத்தை மட்டும் மங்கல், அந்த மங்கலிலும் முகம் வீங்கியிருந்தது.

தூரத்து லென்ஸ்தான் முகத்தை வீங்க வைக்கிறது என்று தீர்மானித்து, நேர் எதிராக ஐம்பதுக்குப் போனேன். அது அகலமாகப் பார்க்கிற லென்ஸ். அகலம் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. செருப்பு அலமாரி, காயப்போட்ட துண்டு, காலண்டர், என் இடது கால் கட்டைவிரல், எல்லாம் வந்துவிட்டன. இவற்றையெல்லாம் தள்ள வேண்டும் என்று அவள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றேன். படம் வந்தது. மூக்கு முதலில் வந்திருந்தது, மற்றதெல்லாம் பின்னால் வரிசையில் நின்றது. "இதுதான் என் மூக்கா?" என்று கேட்டாள். நான் லென்ஸின் கோளாறு என்று சொல்வதற்குள், "முப்பத்தஞ்சு வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் குடும்பம் நடத்துனீங்களா?" என்று அடுத்ததைக் கேட்டுவிட்டாள். அன்று சமையலறைக் கதவு சாத்தியே இருந்தது. அந்தப் படத்திலும் கன்னம் இரண்டும் உப்பித்தான் இருந்தன.

மூன்றாவது நூற்றைம்பது. முகத்துக்கென்றே செய்தது என்று எல்லாரும் சொன்னார்கள், நீங்கள் மட்டும் இப்போது சிவப்பு அடித்திருக்கிறீர்கள். விற்றவர் ஓர் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், "லேசா தூசு இருக்கும், தொடச்சா போயிடும்" என்றார். வீட்டில் என்னிடம் எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டி ஒன்று இருக்கிறதல்லவா, அதன் மேல் வைத்துப் பார்த்தேன். தூசாவது ஒன்றாவது, உள்ளே பூஞ்சை கிளை கிளையாக ஓடியிருந்தது. சுகமில்லாத நுரையீரல் ஆயிரம் பார்த்தவன் நான், என் கண்ணுக்குத் தப்புமா? இருந்தாலும் வைத்தியம் பார்த்துத்தான் விடுவது என்று நான்கு நாள் பால்கனி வெயிலில் வைத்தேன், தேறவில்லை. சரி, இருக்கட்டும் என்று மாட்டினேன். இந்தக் கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. "மூச்சை இழு, பிடிச்சுக்கோ" என்று சொல்லி அரை செகண்டுக்கு வைத்து அழுத்தினேன். திறந்தது. மூடவில்லை. நான் தட்டினேன், ஊதினேன், திருகினேன். எதிரே அவள் சிலையாக உட்கார்ந்திருந்தாள், முகம் சிவந்து கண் பிதுங்கிக்கொண்டு வந்தது, அதற்குள் காஸ் சிலிண்டர்காரர் வந்து மணியடித்ததால்தான் எழுந்தாள். "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேங்க" என்று அவள் போய்விட்டாள், நான் ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது எண்பதுக்கு வருகிறேன். வாங்கினேன். உங்கள் பேச்சைக் கேட்டு வாங்கியதாக யாரும் நினைக்க வேண்டாம், நூற்றைம்பதைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் மாற்றுக்கு அந்த மேனேஜரிடம் அதுதான் இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், சுத்தமான லென்ஸ். பூஞ்சை இல்லை, ஷட்டர் கடிகாரம்போல் வேலை செய்கிறது, மூக்கு மூக்கின் இடத்தில் இருக்கிறது. இமை மயிரை எண்ணலாம். ஆனால் அதே வீக்கம்! கன்னம் உப்பி, உதடு இறுகி, கண் இரண்டும் திருடனைக் கண்ட மாதிரி விழித்து, பன்னிரண்டு படத்திலும் பன்னிரண்டு விதமாக வீங்கியிருக்கிறாள். பயந்துபோய் உண்மையிலேயே உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று டாக்டரம்மாவிடமே அழைத்துக்கொண்டு போனேன். அவர் கழுத்தைத் தடவி, நாக்கைப் பார்த்து, ரத்தம் எடுத்து, "இவங்களுக்கு ஒண்ணும் இல்லை, முகத்துல வீக்கமே இல்லையே" என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன், உங்கள் அட்டவணையில் பன்னிரண்டாவது கட்டம் போட்டு அதில் ஒட்டிக்கொள்ளவும்.

ஆக, உங்கள் பச்சை லென்ஸும் மற்றதைப் போலத்தான் என்று நிரூபணமாகிவிட்டது. நீங்கள் ஜெயிக்கவில்லை. நானும் தோற்கவில்லை. சனிக்கிழமை நீங்கள் வரலாம், உங்கள் வீடு இது, ஆனால் போன் சட்டைப் பையை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவேன், நீங்கள் ஊர் திரும்பும்வரை இறங்க மாட்டேன். என் மகளிடமும் சொல்லிவிடுங்கள், அந்தச் சுவர் காலியாகவே இருக்கட்டும். ஆணி அடித்து வைக்கட்டும். ஆணிக்கு என்ன அவசரம்? எத்தனை லென்ஸ் ஆனாலும் சரி, எத்தனை ரோல் ஆனாலும் சரி, உங்கள் அத்தை எப்படி இருக்கிறாளோ அப்படி ஒரு படம் எடுத்து நானே கொண்டுவந்து மாட்டுவேன். வேண்டாம் என்று இனிமேல் எதையாவது நீங்கள் எழுதினால், அதைத்தான் முதலில் வாங்குவேன் என்பதையும் மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பேத்திக்கு என் முத்தங்கள். மகளுக்கு ஆசிகள். உங்களுக்கும் ஆசிகள்தான், கோபம் தணிந்த பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத
உங்கள் மாமனார்

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பிலிம் கழுவப் போயிருக்கிறார். பாத்ரூம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியாகிவிட்டது, இன்னும் அரை மணிக்கு வெளியே வரமாட்டார். படித்துவிட்டேன், மன்னிக்கவும். லென்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை. மூச்சைப் பிடி என்று சொல்கிறார், நானும் பிடித்துக்கொள்கிறேன், விடலாம் என்று சொல்ல மறந்துவிடுகிறார். ஆஸ்பத்திரியில் ஒரு நொடி வேலை, இங்கே கால் மணி நேரம் திருகுகிறார். நான் எவ்வளவு நேரம்தான் பிடிப்பேன்? முதல் ரோலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் இந்த மனுஷர் என்னை இவ்வளவு நேரம் உட்காரவைத்துப் பார்த்ததே இல்லை. குனிந்து அந்தக் கண்ணாடிக்குள்தான் பார்க்கிறார், இருந்தாலும் அதற்குள் இருப்பது நான்தானே. படம் சரியாக வந்துவிட்டால் பெட்டியை மூடிவிடுவார். சுவருக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமை அவர் மொட்டைமாடிக்குப் போன பிறகு போனில் எடுத்துக்கொள்ளுங்கள், சிரிக்கிறேன், அவருக்குத் தெரியாமல் உள் அறையில் மாட்டுங்கள். அட்டவணையில் நூற்றிருபது என்று ஒன்று பார்த்தேன். அதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள் என்று அவருக்கு உடனே ஒரு கடிதம் போடுங்கள்.